பி.டி. சாரின் நோட்டுகள் – கடிதமும் பதிலும்

வணக்கம். எங்கள் உடற்கல்வி ஆசிரியர், ஓய்வுபெற்று சில ஆண்டுகளில் காலமாகிவிட்டார். தடகளப் பயிற்சியாளரும் அவர்தான். பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம். வந்த கட்டுரைகள் எல்லாமே ‘கண்டிப்பானவர், பாசமானவர்’ என்றே இருக்கின்றன. பெயரை மாற்றினால் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அவருடைய நோட்டுகள் மூன்று கிடைத்திருக்கின்றன. நிறைய அளவுகள், அடித்துத் திருத்திய எண்கள். அவற்றை வைத்து என்ன செய்யலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நோட்டுகள்தான் உங்கள் மலர். ஒரு பி.டி. ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, அடுத்த மழையில் அழிந்துவிடுவது. எஞ்சியிருப்பது அந்த எண்கள் மட்டுமே. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் மனிதரைப் பார்க்கலாம்.

டிராக் போட்ட பக்கத்தை முதலில் தேடுங்கள். இடம் குறைந்த மைதானத்தில் 200 மீட்டர் டிராக் என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பகுதி 40 மீட்டர் வீதம் இரண்டு போக, வளைவுகளுக்கு 120 மீட்டர். அதை 6.283-ஆல் (2π) வகுத்தால் ஓட்டக்கோட்டின், அதாவது ஓடும் தூரத்தை அளக்கும் கற்பனைக் கோட்டின், ஆரம் 19.10 மீட்டர். உள்விளிம்பில் மேடான கெர்ப் (விளிம்புக் கட்டை) இருந்தால் 30 செ.மீ. கழித்து 18.80-இல் விளிம்பு வரும். வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் 20 செ.மீ.தான் கழிக்க வேண்டும், 18.90.

இந்தப் பத்து சென்டிமீட்டரைக் கவனித்தாரா என்று பாருங்கள். லேன் அகலம் 1.22 மீட்டராக இருந்தால், ஒரு சுற்று ஓட்டத்துக்கு இரண்டாவது லேனின் ஸ்டாகர் (வெளி லேனில் ஓடுபவருக்குத் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போடும் தூரம்) 7.04 மீட்டர் என்று விதிப்புத்தகங்களில் இருக்கும். அது கெர்ப் உள்ள டிராக்குக்கு. சுண்ணாம்புக் கோட்டு டிராக்கில் அது 7.67. புத்தகத்தைப் பார்த்து எழுதியவர் 7.04 போடுவார்; இரண்டாவது லேன் பையன் 63 செ.மீ. கூடுதலாக ஓடுவான், ஏன் தோற்றோம் என்று தெரியாமலே. நோட்டில் 7.67 இருந்தால், அவர் தானே கணக்குப் போட்டவர். பத்து கட்டுரை சொல்லாததை அந்த ஒரு எண் சொல்லும்.

வளைவு வரையும்போது நடுவில் முளையைப் பிடித்த மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். கயிறு வைத்தாரா, ஸ்டீல் டேப்பா? கயிறு இழுக்க இழுக்க நீளும். அரைவட்டம் முடிவதற்குள் ஆரம் மாறிவிடும். இது தெரிந்தவர் கயிற்றை நம்ப மாட்டார்.

அடுத்து ரிலே. பேட்டன் (ரிலே கோல்) வாங்குபவர் எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்குத் தரையில் ஒரு குறி போட்டு, பாதத்தால் அளந்திருப்பார். ‘22’ஐ அடித்து ‘24’ என்று எழுதியிருந்தால், வருபவர் வாங்குபவர் மேல் முட்டியிருக்கிறார்; முன்கூட்டியே கிளம்பட்டும் என்று குறியை இரண்டு பாதம் தள்ளிப் போட்டிருக்கிறார். எண் குறைந்திருந்தால், வாங்குபவர் எட்டாத தூரம் ஓடிவிட்டார் என்று பொருள். எந்த ஜோடிக்கு எத்தனை முறை திருத்தினார் என்று எண்ணுங்கள். அவருடைய பொறுமைக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 4×100 ரிலேவுக்கு பேட்டனைக் கைமாற்ற 20 மீட்டர் மாற்றுப் பகுதியும், வாங்குபவர் வேகமெடுக்க அதற்கு முன் தனியாக 10 மீட்டரும் குறித்திருந்தால் தவறு என்று திருத்திவிடாதீர்கள். 2017 நவம்பருக்கு முன் விதி அதுதான். பிறகுதான் இரண்டும் சேர்ந்து 30 மீட்டரானது. தேதியில்லாத பக்கம் எந்தக் காலத்தது என்று அறியவும் இது உதவும்.

நேரங்களை அச்சிடும்போது ‘கையால் எடுத்தது’ என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். 100 மீட்டரில் துப்பாக்கிச் சத்தம் முடிவுக்கோட்டுக்கு வந்துசேர ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். சத்தம் கேட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தினால் அவ்வளவு குறைத்துக் காட்டும். புகையைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். கையால் எடுத்த நேரம் 11.32 என்றால் 11.4 என்றே எழுதுவது விதி. அவர் மேல்நோக்கி எழுதியிருந்தால், தன் மாணவனுக்குக்கூட ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடியைச் சலுகையாகத் தராதவர். ‘கண்டிப்பானவர்’ என்பதற்குப் பதில் இதை எழுதுங்கள்.

பதக்கம் வாங்கியவர்களோடு நிறுத்திவிடாமல், அணித் தேர்வில் இடம் கிடைக்காதவர்கள் இருவரையாவது எழுதச் சொல்லுங்கள். அவர்களிடம் அவர் என்ன திருத்தம் சொன்னார் என்பது மட்டும் போதும்: கையை எங்கே வைக்கச் சொன்னார், எந்தக் காலை முன்னால் வைக்கச் சொன்னார்.

முதல் பக்கத்தில் அவர் படத்துக்கு எதிரே அந்த டிராக் கணக்கை அவர் கையெழுத்திலேயே அச்சிடுங்கள். அடித்த எண்களை அழிக்க வேண்டாம்.