ரெஸ்ட் எடுங்கன்னு சொல்றாங்க, பேரனை யாரு பாக்குறது?

கேள்வி: எனக்கு 63 வயசு, சிங்கப்பூர் ஈசூன்ல மகன் குடும்பத்தோட இருக்கேன். 30 வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி கவுண்டர்ல வேலை பாத்துட்டு போன வருஷம் நானாவே நின்னுட்டேன். இப்ப பக்கத்து புளோக் கிளினிக்ல வாரம் 3 நாள், காலைல 9 மணிலேருந்து 1 மணி வரைக்கும் வர்றீங்களான்னு கேக்குறாங்க. எனக்கு ரொம்ப ஆசை. மகன்தான், "எதுக்கும்மா இந்த வயசுல, ரெஸ்ட் எடுங்க, பெத்தவள வேலைக்கு அனுப்புறான்னு நாலு பேரு பேசுவாங்க"ங்கறான். ரெண்டரை வயசுப் பேரனை காலைல 7லேருந்து சாயங்காலம் 7 வரைக்கும் நான்தான் பாத்துக்கறேன். வேலைக்குப் போக நினைக்கிறது சுயநலமா?

பதில்: சுயநலம் இல்லக்கா. உங்க லெட்டர்ல 7லேருந்து 7ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதையே ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டரை வயசுப் புள்ள பின்னாடி 12 மணி நேரம் ஓடுறது ரெஸ்ட்டா? நீங்க ஏற்கனவே முழுநேர வேலைதான் பாக்குறீங்க, நீங்க தேர்ந்தெடுத்த வேலைதான் இன்னும் கைக்கு வரல, அவ்ளோதான் வித்தியாசம். பேரன் மேல பாசம் இல்லன்னு யாரும் சொல்லப் போறதில்ல.

உங்க மகனோட கூச்சமும் எனக்குப் புரியுது. நம்ம அப்பா தாத்தா காலத்துல வயசானவங்க வேலைக்குப் போனா மகன் சோறு போடலன்னுதான் அர்த்தம், அந்தப் பேச்சு காதுலயே நின்னுடுச்சு. ஆனா "இந்த வயசுல"ன்னா என்ன வயசு? இங்க சட்டப்படி ஓய்வு வயசே 2022 ஜூலைலதான் 63 ஆச்சு, 2026 ஜூலைலேருந்து 64, அதுக்கப்பறமும் வேலைல வெச்சுக்கற மறுவேலை நியமனம் 69 வரைக்கும், 2030க்குள்ள அது 65ம் 70ம் ஆயிடும்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. உங்க மகன் 63ஐ எட்டும்போது நிலைமை எப்படி இருக்கும்னு அவரையே யோசிக்கச் சொல்லுங்க.

அந்த கிளினிக் உங்களக் கூப்புடுறதுக்கு காரணம் இருக்கு. ஹெல்தியர் எஸ்ஜிங்கற அரசாங்க சுகாதாரத் திட்டம் 2023 ஜூலைல ஆரம்பிச்சதுலேருந்து பெரியவங்க ஒரே கிளினிக்ல பேர் பதிஞ்சு அங்கயே போறாங்க, அதுல எத்தனையோ பேருக்கு ஃபோன்ல ஆப் திறக்கத் தெரியாது, இங்கிலீஷும் ஓடாது. கவுண்டர்ல தமிழும் மலாயும் பேசி பொறுமையா சொல்லிக் குடுக்க ஒரு ஆளு இருந்தா அவங்களுக்கு எவ்ளோ நிம்மதி! என் அம்மாவ கிளினிக்குக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் அப்படி ஒருத்தங்கள கண்ணு தேடும்.

முதல்ல மருமககிட்ட பேசுங்க, மகன்கிட்ட அப்பறம். மகன் ஊரு பேச்சப் பத்தி சொல்றாரு, ஆனா அந்த 3 காலைல புள்ளைய யாரு பாக்குறதுங்கற கவலை உங்க மருமகளுக்குத்தான் வரும், அதுக்கு வழி சொல்லாம பேசுனா பேச்சு நகராது. அரைநாள் சைல்ட்கேர் கேட்டுப் பாருங்க, ரெண்டரை வயசுக்கு நல்லதுதான், நாலு புள்ளைங்களோட பழகுவான். முழுநாள்னா, புள்ள சிங்கப்பூர் சிட்டிசனா இருந்து அம்மா வேலைக்குப் போறவங்கன்னா மாசம் 300 வெள்ளி (டாலர்) வரைக்கும் அடிப்படை மானியம் உண்டு, அரைநாளுக்கு அதவிட கம்மி. மதியம் நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடலாம். இன்னொன்னும் சேத்து பாக்கணும், பாட்டி புள்ளையப் பாத்துக்கறதுக்காக வேலை பாக்குற அம்மாவுக்கு 3,000 வெள்ளி வரிக் கழிவு இருக்கு, பாட்டிக்கு சம்பளம் வந்தா அதுக்கு நிபந்தனை உண்டு, அதனால மருமக அந்தக் கழிவ எடுக்குறாங்களான்னு கேட்டுட்டு வரித்துறைல விசாரிச்சுக்கோங்க, பின்னால வீட்ல மனஸ்தாபம் வேணாம்.

கிளினிக்ல தெரிஞ்சவங்கதானேன்னு வாய்வார்த்தையா ஒத்துக்காதீங்க. எழுத்துல வாங்குங்க. வாரம் 35 மணி நேரத்துக்குக் கீழன்னா பகுதிநேர வேலை, அதுக்கும் கணக்குப்படி லீவு உண்டு, மாசம் 50 வெள்ளிக்கு மேல சம்பளம்னா முதலாளி சிபிஎஃப்ங்கற கட்டாய சேமிப்புப் பணம் கட்டியே ஆகணும். கவுண்டர்ல ஒக்கார நாற்காலி இருக்கான்னும் பாத்துக்கோங்க, 4 மணி நேரம் நின்னா 63 வயசு முட்டி கேக்காது. ஆள் பத்தலன்னு 3 நாள 5 நாளாக்கச் சொல்லி வருவாங்க, அப்ப முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு தைரியம் இருக்கணும், அந்த சம்பளத்த நம்பி வீட்டுச் செலவு எதையும் ஏத்தி வெச்சுடாதீங்க. சிபிஎஃப் லைஃப்ங்கற மாச ஓய்வூதியத்த 65லேருந்து வாங்கலாம், வேலை ஒத்து வந்து பணம் தேவப்படலன்னா 70 வரைக்கும் தள்ளிப் போட்டீங்கன்னா ஒவ்வொரு வருஷத்துக்கும் மாசத் தொகை 7 சதவீதம் வரைக்கும் கூடும்.

கிளினிக்ல ரெண்டு வாரம் டைம் கேளுங்க, தருவாங்க. அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருக்கறப்ப, பேரன் தூங்குன நேரமாப் பாத்து, "எனக்கு ஆசையா இருக்கு"ன்னு மகன்கிட்ட அந்த ஒரு வார்த்தைய நேரா சொல்லுங்க. எனக்கு எழுதுன அளவுக்கு அவர்கிட்ட இன்னும் நீங்க சொல்லலன்னு தோணுதுக்கா.