50 ரூபாய் அபராதம் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறேன். வண்டி என் பெயரில், தவணை பாக்கி இருக்கிறது. பங்குனி கடைசியில் வள்ளியூர்ப் பக்கத்துப் பண்ணையிலிருந்து 14 வெண்பன்றிகளை மார்த்தாண்டத்து வியாபாரி ஒருவருக்காக ஏற்றி வந்தேன். பகல் ஒரு மணிக்கு ஆரல்வாய்மொழி தாண்டிச் சாப்பிட நிறுத்தினேன். வெயில் படக் கூடாது என்று தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தேன். திரும்பி வந்தால் மூன்று செத்துக் கிடந்தன. அடுத்த சோதனைச் சாவடியில் பிடித்து, எனக்கும் வியாபாரிக்கும் வழக்குப் போட்டு, வண்டியையும் மிச்சப் பன்றிகளையும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய லாரிகளையெல்லாம் விடுகிறார்கள், என்னை மட்டும் பிடித்தார்கள். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. அந்த வியாபாரி அண்ணாச்சியோ செத்த பன்றிகளுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். ‘குற்றத்தை ஒத்துக்கொண்டால் 50 ரூபாயோடு முடியும்’ என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம்.

பெரிய லாரியை விட்டார்கள், உங்களைப் பிடித்தார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். கோர்ட்டில் அதற்கு ஒரு காசு மதிப்பில்லை. அடுத்தவனைப் பிடிக்கவில்லை என்பதால் யாரும் விடுதலை ஆனதில்லை. வாட்ஸ்அப் அவமானத்துக்கும் இந்த வழக்கில் மருந்து கிடையாது.

உங்கள் கதை முழுவதிலும் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: தார்ப்பாய் போட்டுக் கட்டி, வண்டியை நிறுத்திவிட்டுப் போனீர்கள். பன்றிக்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. மூச்சு வாங்கியும் சேற்றில் புரண்டும்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் காற்றாவது அடிக்கும். மூடிக் கட்டி நிறுத்திய வண்டி, மூடி போட்ட இட்லிப் பானை. காற்றாலை சுற்றுகிற ஊரில் நிறுத்தியும் அந்தக் காற்று உள்ளே போகவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் செத்த மூன்றும் கேபினை ஒட்டி முன்பக்கம் கிடக்கின்றன. கால்நடை மருத்துவர் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார். நல்ல எண்ணத்தோடு போட்ட தார்ப்பாய் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11(1)(டி) கேட்பது தேவையில்லாத வேதனை ஏற்படும்படி ஏற்றிச் சென்றீர்களா என்பதை.

அதற்கு மேல் எண்ணிக்கை இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 125-ஈ (125E), பன்றி ஒன்றுக்கு 0.6 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. ஏழடிக்கு ஐந்தடித் தட்டு என்றால் சுமார் 3.25 சதுர மீட்டர். ஐந்து பன்றி நிற்கலாம். நீங்கள் ஏற்றியது 14. தடுப்புகளோ, ஆர்.டி.ஓ.வின் சிறப்பு உரிமமோ உங்களிடம் இல்லை என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் கொடுக்கும் சான்றிதழ் இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் அனுப்பியிருப்பீர்கள்.

இப்போது அந்த 50 ரூபாய். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். பழைய காலத்துத் தொகை, இன்றைக்கும் அதுதான். இந்த 50 ரூபாயைப் பார்த்து ஒத்துக்கொண்டு போய், பிறகு என் ஆபீஸில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017-ல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் (வழக்கில் கைப்பற்றியவை) பராமரிப்பு விதிகளின்படி, ஒத்துக்கொண்டாலே விலங்கின் மீதான உரிமை பறிபோகும், திரும்பி வராது. தாய்ச் சட்டமான அந்த 1960 சட்டத்தின் 29-ம் பிரிவு இவ்வளவு கடுமையாக இல்லை, விதி அதோடு முரண்படுகிறது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டிலேயே கேள்வி எழுந்தது. அந்த வாதத்தை எழுப்ப வேண்டுமானால் வழக்கை நடத்த வேண்டும். ஒத்துக்கொண்டவனுக்கு வாதம் ஏது?

அதோடு போகாது. அண்ணாச்சி நாளைக்கு 45,000 ரூபாய்க்கு சிவில் வழக்குப் போட்டால், நீங்கள் நடுவர் முன் ‘ஆமாம்’ என்று சொன்ன அந்த ஒரு சொல் அங்கே சாட்சியாக வந்து நிற்கும். மூன்று வருஷத்துக்குள் இன்னொரு வழக்கு வந்தால் அது இரண்டாவது குற்றம், மூன்று மாதம் வரை ஜெயில் இருக்கிறது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். அதே விதிகள் வண்டியைப் பிணையாக வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. பன்றிகளின் தீனி, மருந்து, இருப்பிடச் செலவுக்கு வண்டிக்காரர், அனுப்பியவர், வாங்குபவர் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பன்றியை எந்தக் கோசாலையும் ஏற்காது, ஏதாவது தனியார் பண்ணையில்தான் விட்டிருப்பார்கள். அங்கே கணக்கு நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கிறது. பணம் வசூலிக்க வேண்டியவனுக்கு எட்டாத இடத்து வியாபாரியைவிட, ஸ்டேஷன் வாசலில் நிற்கிற உங்கள் குட்டியானைதான் வசதி.

எப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325-ம் பிரிவும் இருக்கிறது, விலங்கைக் கொன்று இழப்பு ஏற்படுத்துவதற்கானது, ஐந்து வருஷம் வரை தண்டனை. அதற்குப் பயப்படாதீர்கள். இழப்பு ஏற்படுத்தும் எண்ணமோ, ஏற்படும் என்ற அறிவோ வேண்டிய குற்றம் அது. சாப்பிடப் போனவனிடம் அதைக் காட்டுவது கடினம். மிருகவதைச் சட்டத்தின் 11-ம் பிரிவு மட்டும் இருந்தால் நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது என்பதால் இதையும் சேர்ப்பது வழக்கம். 11-ம் பிரிவில் வழக்குத் தொடர மூன்று மாதக் காலவரம்பு உண்டு, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுத்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்களே, இனி ஒரு வார்த்தை அனுப்பாதீர்கள். போலீஸிடம் சொல்லும் ஒப்புதலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அவர்களிடம் சொன்னதற்குக் கிடையாது.

இனிச் சொல்வது கசக்கும். அண்ணாச்சியோடு சமாதானம் ஆகிவிடுங்கள். 11-ம் பிரிவுக் குற்றத்தை உங்கள் இருவரால் ராஜியாக முடிக்க முடியாது, ஆனால் உங்களுக்குள் இருக்கும் பணத் தகராறை முடிக்கலாம். ‘வண்டிக்காரன் மூடிக் கட்டினான்’ என்று அவரும், ‘14 ஏற்றச் சொன்னதே அவர்தான்’ என்று நீங்களும் மாறி மாறிச் சொன்னால், அரசுத் தரப்புக்கு வேறு சாட்சி தேவைப்படாது. செத்த மூன்றில் பாதி விலையை ஏற்பதாக எழுதிக்கொடுங்கள். தப்பு யாருடையது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பதிலுக்கு அவர் 11 பன்றிகளுக்கும் நீங்கள் வண்டிக்குமாக, ஒரே நாளில், தனித்தனி வக்கீல் வைத்து, வழக்கு முடியும்வரை திரும்பத் தரக் கேட்கும் இடைக்கால ஒப்படைப்பு மனுப் போட வேண்டும். பராமரிப்புக்கான பிணைப்பத்திரத் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். வண்டியில் கடன் இருப்பதால் நிதி நிறுவனத்தின் கடிதத்தையும் மனுவோடு வையுங்கள், இல்லாவிட்டால் அதற்காகவே ஒரு வாய்தா போகும்.

22,500 ரூபாய் போகிறதே என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். வண்டி ஓடாமல் நிற்கும் மாதங்களின் தவணையையும் பண்ணைக் கணக்கையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போங்கள்.