ஏசி ரூம்ல பென்குயின் எதுக்கு?

கேள்வி: மகன் வீட்டுக்கு மும்பை போனப்ப பைகுல்லா ஜூல பென்குயின் பாத்தோம். பேரனுக்கு ஒரே குஷி, எனக்குத்தான் மனசு கேக்கல. பனியில திரியுற பறவைய கண்ணாடி ரூம்ல ஏசி போட்டு அடைச்சுட்டு வனவிலங்கு பாதுகாப்புங்குறாங்களே, யாரு யாரைப் பாதுகாக்குறா?
– ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: மனசு கேக்கலன்னீங்க பாருங்க ஆச்சி, அது நியாயம். பனின்னு சொன்னதுதான் தப்பு. நீங்க பாத்தது ஹம்போல்ட் பென்குயின், பெரு, சிலி கடற்கரைல இருக்குறது. அங்க கரையெல்லாம் பாலைவனம், நம்ம பொட்டக்காட்ட விட காஞ்ச பூமி, கடல் மட்டும்தான் ஜில்லுன்னு ஓடும். காலங்காலமா பறவை எச்சம் விழுந்து இறுகிக் கிடக்கும், அதுல வளை தோண்டி முட்டை வைக்கும். அந்த எச்சத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டுல உரத்துக்குன்னு வெட்டி வெட்டி கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்கு ஏத்துனாங்க, அதுக வீடு போச்சு. திங்கிற நெத்திலியவும் மனுஷன் வலை போட்டு அள்ளிட்டான், எல் நினோ வருஷத்துல கடல் சூடாயி இருக்குற மீனும் விலகிப் போயிரும்.

மும்பைக்கு 2016ல சியோல்லேர்ந்து 8 வந்துச்சு, சில மாசத்துலயே ஒண்ணு செத்துப்போச்சு, 2018 ஆகஸ்ட் 15ல பொரிச்ச முதல் குஞ்சும் பொழைக்கல. இதையெல்லாம் மறைச்சுட்டு ஜூவுக்கு வக்காலத்து வாங்க நான் வரல. அங்க பொரிக்கிற குஞ்சு பெரு கடலுக்குப் போகப் போறதும் இல்ல.

ஆனா 2000 ஜூன்ல நடந்தத கேளுங்க. கேப்டவுன் பக்கத்துல ட்ரெஷர்னு ஒரு கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டி, சுமார் 19,000 ஆப்பிரிக்க பென்குயின் மேலெல்லாம் அப்பிக்கிச்சு. எண்ணெய் பட்ட இறகு குளிரத் தாங்காது, கோதுனா விஷம் வயித்துக்குள்ள போயிரும். ஒவ்வொண்ணா பிடிச்சு வாயத் தொறந்து மீன் ஊட்டி சோப்பு போட்டு கழுவணும், அலகு வேற கைய கிழிச்சுரும், இதுக்கெல்லாம் பழகுன கை எத்தனை இருக்கும் சொல்லுங்க? பல நாட்டு ஜூல பென்குயின் வளக்குறவங்க பிளைட் ஏறி வந்து நின்னாங்க, ஆயிரக்கணக்குல உள்ளூர் ஜனங்களும் கூட நின்னுச்சு. பத்துல ஒம்போதுக்கு மேல பொழைச்சு கடலுக்குப் போச்சு! எண்ணெய் படாத இன்னொரு 19,500ஐ லாரில ஏத்தி ரொம்ப தூரத்துல இருக்குற போர்ட் எலிசபெத் ஊர்ப் பக்கம் கடல்ல விட்டாங்க, அதுக நீந்தி ஊர் திரும்புறதுக்குள்ள இங்க எண்ணெய அள்ளிரலாம்னு.

அந்தக் கைப்பழக்கம்தான் ஆச்சி ஜூ குடுத்த லாபம். ஆனா அது மட்டும் பத்தல, மீன் இல்லாம அதே ஆப்பிரிக்க பென்குயின் இப்ப 10,000 ஜோடிக்கும் கீழ போய், 2024ல அழிவோட விளிம்புலன்னு அறிவிச்சாச்சு. அதனால அடுத்த தடவ பைகுல்லா போனா, டிக்கெட் காசுல பெரு, சிலி கரைக்கு எவ்வளவு போகுதுன்னு அவங்களையே கேளுங்க, கண்டிப்பா கேக்கணும்.

பேரன் லீவுக்கு வந்தா நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பறவை மிரளக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள அவன் பாக்கட்டும், நத்தைகுத்தி நாரையையும் பாக்கட்டும். கம்மாயில தண்ணி கிடந்தாத்தான் பறவை இறங்கும், விசாரிச்சுட்டு கிளம்புங்க.