நெபுலா ஃபில்டர்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?

கேள்வி: என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (எஃப்/6) இருக்கிறது. அதோடு வந்த, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்களான 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள்தான் வைத்திருக்கிறேன். திருச்சி புறநகரில் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறேன். ஓரியன் நெபுலா தெரிகிறது. மற்ற நெபுலாக்கள் ஏமாற்றுகின்றன. ஆன்லைனில் 'நெபுலா ஃபில்டர்' என்ற பெயரில் ரூ.2,000-க்கும் கிடைக்கிறது, ரூ.15,000-க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது? உண்மையிலேயே தேவைதானா?

பதில்: தேவைதான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: எந்த ஃபில்டரும் நெபுலாவை, அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகத்தை, பிரகாசமாக்காது. பின்னால் இருக்கும் வானத்தை இருட்டாக்கும், அவ்வளவுதான். நெபுலாவின் வெளிச்சத்தைக் குறைக்காமல் வானத்தின் வெளிச்சத்தை மட்டும் எவ்வளவு வெட்டுகிறது என்பதில்தான் ரூ.2,000-க்கும் ரூ.15,000-க்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

அப்படி வெட்ட முடிவதற்குக் காரணம், நெபுலாவின் ஒளி வானவில் போலப் பரந்து வருவதில்லை. 1864-இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, நிறப்பட்டைக்குப் பதிலாகப் பச்சைக் கோடுதான் தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துவராததால் 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன்தான் என்று 1927-இல் இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார். அந்த ஆக்ஸிஜன் கோடுகள் இரண்டு; நிறத்தைக் குறிக்கும் அலைநீளத்தில் சொன்னால் 495.9, 500.7 நானோமீட்டர். பக்கத்திலேயே 486.1-இல் ஹைட்ரஜனின் எச்-பீட்டா கோடு. இருட்டுக்குப் பழகிய நம் கண்ணுக்கு உணர்திறன் அதிகமாக இருப்பதும் 507 நானோமீட்டரை ஒட்டித்தான். கண்ணால் பார்ப்பவருக்கு இந்த மூன்று கோடுகள்தான் எல்லாம்.

மூன்றையும் விட்டு மற்றதை வெட்டுவது யூஎச்சி ஃபில்டர். ஆக்ஸிஜன் கோடுகளை மட்டும் விடுவது ஓ-3. ஹைட்ரஜன் கோட்டை மட்டும் விடுவது எச்-பீட்டா. கடைசியில் சொன்னது குதிரைத்தலை, கலிஃபோர்னியா போன்ற சில நெபுலாக்களுக்குத்தான் உதவும். நல்ல இருட்டு வானமும் வேண்டும். இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் பதில் யூஎச்சி. ஓரியன், லகூன், அன்னம் (எம்17), டம்பெல் என்று எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். ஆனால் பெட்டியில் 'யூஎச்சி' என்று போட்டிருப்பதை வைத்து வாங்காதீர்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விடுகிறது என்று காட்டும் ஒளி கடத்தும் வரைபடத்தை விற்பவரிடம் கேளுங்கள். மூன்று கோடுகளிலும் 90 சதவீதத்துக்கு மேல் கடத்த வேண்டும். கடத்தும் பட்டையின் அகலம் சுமார் 25 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் பல இதைப்போல இரண்டு மடங்கு அகலம். அதன் வழியே தெருவிளக்கின் ஒளியும் தாராளமாக உள்ளே வரும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றுதான். வானம் லேசாகப் பச்சையானது, நெபுலா அப்படியேதான் இருந்தது. வரைபடம் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஃபில்டரை 25 மி.மீ. ஐபீஸில் மாட்டுங்கள், 10 மி.மீ.இல் அல்ல. ஐபீஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். உங்களுக்கு 25-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 4 மி.மீ.; அது அருமை. 10 மி.மீ. ஐபீஸில் 1.7-தான் வரும், படம் மங்கிப்போகும். 'ஃபில்டர் போட்டதும் எல்லாம் கறுத்துவிட்டது' என்று என்னிடம் குறைப்பட்டவர்களில் பெரும்பாலோர் செய்தது இந்தத் தவறைத்தான்.

பின்னாளில் 2 அங்குல ஐபீஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், விலை கூடினாலும் இப்போதே 2 அங்குல ஃபில்டராக வாங்கிவிடலாம். சிறிய ஐபீஸைப் பொருத்த உதவும் அடாப்டர் வளையத்தின் அடியில் திருகு மரை இருந்தால், இப்போதுள்ள 1.25 அங்குல ஐபீஸ்களுக்கும் அதே ஃபில்டர் போதும்.

ஆண்ட்ரோமெடா போன்ற விண்மீன் திரள்களுக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிக்கும் எந்த நெபுலா ஃபில்டரும் உதவாது. அவை தருவது நட்சத்திர ஒளி; எல்லா நிறத்திலும் பரந்திருக்கும். வானத்தோடு சேர்ந்து அவையும் மங்கும்.

கொஞ்ச காலம் கழித்து ஓ-3 வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஜவ்வாது மலையில் மழை விட்ட ஓர் அக்டோபர் இரவு, சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள 52 சிக்னி நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவில் வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் மட்டும்தான். ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே ஓ-3-ஐ நீட்டினேன். நட்சத்திரத்தைத் தொட்டுக்கொண்டு, ஊதுபத்திப் புகை போல ஒரு மெல்லிய இழை வளைந்து போனது. ஃபில்டரை விலக்கினால் காணோம், வைத்தால் இருக்கிறது. வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சமான வெய்ல் நெபுலா அது. நீங்களும் மரையில் திருகுவதற்கு முன் இப்படி வைத்து விலக்கிப் பாருங்கள். ஃபில்டர் என்ன செய்கிறது என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

நம் ஊர் வானத்துக்கென்றே ஒன்று சொல்கிறேன். லண்டன்காரருக்குக் கிடைக்கவே கிடைக்காத ஈட்டா கரினே நெபுலா, திருச்சியில் தெற்கே சுமார் 19 டிகிரி உயரம் வரை ஏறும். ஓரியன் நெபுலாவைவிடப் பரந்தது. ஏப்ரல் மாலைகளில் தெற்கு அடிவானம் திறந்த இடமாகப் பார்த்து, யூஎச்சியோடு போய் நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டுவிட்டார்கள். இனி ஃபில்டர் பயன்படுமா?

பதில்: 'ஒளி மாசு ஃபில்டர்' என்று விற்கும் அகலமான வகை பெரிதாகப் பயன்படாது. அது சோடியம், பாதரச விளக்குகளின் குறிப்பிட்ட நிறங்களைத் தடுக்கச் செய்தது. எல்இடி எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டுகிறது. குறுகிய யூஎச்சியும் ஓ-3-உம் இன்னும் வேலை செய்யும். அவை எதைத் தடுப்பது என்று தேடுவதில்லை, மூன்று கோடுகளைத் தவிர அநேகமாக எல்லாவற்றையும் தடுக்கின்றன. இருந்தாலும் கையில் இருப்பது ஃபில்டருக்கான பணமா, ஊருக்கு வெளியே நாலு முறை போய்வரும் பெட்ரோலுக்கான பணமா என்றால், முதலில் பெட்ரோல் போடுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் 25 நானோமீட்டர் என்று போட்ட ஃபில்டரை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது அப்படித் தெரியவில்லை. எப்படிச் சோதிப்பது? திருப்பித் தர முடியுமா?

பதில்: ஒரு பழைய சிடி போதும். இருட்டறையில் குண்டு பல்பின் ஒளியைச் சிடியில் பட வைத்து, அதில் தெரியும் வானவில்லை ஃபில்டர் வழியே பாருங்கள். நல்ல யூஎச்சி என்றால் நீலப்பச்சையில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் மிஞ்சும்; சிலவற்றில் ஓரத்தில் சிவப்பும் தெரியும், அது குறை இல்லை. நீலத்திலிருந்து பச்சை முழுக்க அகலமாகத் தெரிந்தால் உங்கள் சந்தேகம் சரி. ஃபில்டரைச் செல்போன் கேமரா முன் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தில் இருந்த வரைபடத்தையும் சிடிப் படத்தையும் இணைத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் வரைபடத்தை மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது.