பழைய ஆன்ஷுட்ஸ் வாங்கலாமா? ரைஃபிள் கேள்விகள் சில

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போய்வரும் டெல்லித் தமிழர்கள் கேட்டவற்றில் சில.

கிளப் சீனியர் ஒருவர் தன் பழைய ஜெர்மன் ரைஃபிள் ஆன்ஷுட்ஸ் 1907-ஐ விற்கிறார். இன்னொருவரிடம் அதிகம் சுடாத செக் நாட்டு ரைஃபிள் சிஇசட் 457 இருக்கிறது. இரண்டும் .22 அங்குலக் குண்டு சுடும், கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். எது தகராறு செய்யாது? (மயூர் விஹார்)

இரண்டுக்கும் நல்ல பெயர்தான். ஆனால் நீங்கள் வாங்கப்போவது கம்பெனியை அல்ல, அந்த ஒரு துப்பாக்கியை. விற்பவரையே ரேஞ்சில் பத்து ரவுண்டு சுடச் சொல்லுங்கள். டார்கெட்டைப் பார்க்க வேண்டாம். கீழே விழும் காலி கேஸ்களை (சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூடுகளை) பொறுக்கி மேஜையில் வரிசையாக வையுங்கள். விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) குத்திய தடம் பத்திலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் ஆழமாகவும் அடுத்ததில் லேசாகவும் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், போல்ட்டுக்குள் அழுக்கு கெட்டியாகியிருக்கலாம். விளிம்பு கிழிந்தோ மடங்கியோ இருந்தால் காலி கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் துப்பாக்கி காலியா என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை உருவிவிட்டு, டார்ச் அடித்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வாயைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்து இழுத்துப் பழகிய .22-இல் பின் நேராக சேம்பர் விளிம்பில் மோதி ஒரு சின்ன வடு விழுந்திருக்கும். அந்த வடுதான் பிறகு கேஸை வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். விற்பவர் "எப்போதாவதுதான் சுட்டேன்" என்பார். சேம்பர் பொய் சொல்லாது.

1907 ஒற்றை ரவுண்டு ரைஃபிள். மேகசின் கிடையாது, அதனால் தோட்டா சிக்கும் தொல்லையில் பாதி கிடையாது. 50 மீட்டர் போட்டிதான் நோக்கம் என்றால், மேலே சொன்னதில் தேறினால், நான் கண்ணை மூடிக்கொண்டு 1907 பக்கம்தான் சாய்வேன். பேரல் பழசு என்று பயப்படாதீர்கள்; .22-இன் மெதுவான ஈயக் குண்டு பேரலை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. எதை வாங்கினாலும் லைசென்ஸில் பதிவு மாறாமல் கைமாற்ற வேண்டாம்.

மகளுக்கு 14 வயது. செகண்ட் ஹாண்ட் ஜெர்மன் ஏர் ரைஃபிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (ஆர்.கே. புரம்)

முதலில் காற்று அடைக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் அந்தக் குழாய்க்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருட ஆயுள்தான் தருகிறார்கள். தேதி தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்; அனுமதித்தாலும் ஒரு குழந்தையின் கன்னத்துக்குக் கீழே அதை நான் வைக்க மாட்டேன். புது சிலிண்டர் விலையைக் கழித்துவிட்டுப் பாருங்கள், "பாதி விலை" எவ்வளவு பாதி என்று தெரியும். சிலிண்டரை நிரப்பி, கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, மறுநாள் பாருங்கள். முள் நன்றாக இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. சீல் மாற்றலாம், பெரிய விஷயமில்லை.

குழல் விட்டம் 4.5 மிமீ, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் அதற்கு வெகு கீழே இருக்கும்.

ஜனவரி காலையில் மட்டும் தோட்டா வெடிக்காமல் மிஸ்ஃபயர் ஆகிறது. ரைஃபிளை விற்றுவிடலாமா? (முனிர்கா)

விற்காதீர்கள், எண்ணெயைத் துடையுங்கள். டெல்லிக் குளிரில் போல்ட்டுக்குள் இருக்கும் கெட்டி கிரீஸ் ஃபயரிங் பின்னின் வேகத்தைக் குறைத்துவிடும். கோடையில் அதே கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் ஒரு படலம் விட்டால் போதும். சரியாகவில்லை என்றால் வேறு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பு) தோட்டாவைப் போட்டுப் பாருங்கள்; .22-இல் தீப்பற்ற வைக்கும் மருந்து விளிம்புக்குள்தான் இருக்கும், அது சில ரவுண்டில் ஒரு பக்கம் குறைவாக இருப்பதுண்டு. வெடிக்காத ரவுண்டை அவசரப்பட்டு வெளியே எடுக்காதீர்கள். முனை டார்கெட்டை நோக்கியே இருக்கட்டும், அரை நிமிடமாவது பொறுங்கள், ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

மௌசர் மாதிரி பெரிய நக எக்ஸ்ட்ராக்டர்தான் நம்பகமானது என்கிறார்களே? (கரோல் பாக்)

ஜெர்மன் ராணுவ ரைஃபிளான மௌசர் 98 அந்த நகத்தால் தோட்டாவை மேகசினிலிருந்து எழும்போதே கவ்விக்கொள்ளும். சாய்த்துப் பிடித்தாலும் நழுவாது. ஆபத்தான மிருகம் எதிரே நிற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. இங்கே வனவிலங்குச் சட்டப்படி வேட்டையும் இல்லை, மிருகமும் எதிரே நிற்கப்போவதில்லை. காகித டார்கெட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன்?

பார்க்க அழகு. 50 மீட்டர் போட்டிக்கு வேண்டாம்.

ஊரில் தாத்தாவின் .315 ரைஃபிள் இருக்கிறது. இன்னும் நம்பி சுடலாமா? (துவாரகா)

அது பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டை ஒட்டிச் செய்த உறுதியான போல்ட் ரைஃபிள். இரும்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, காகிதத்தைப் பற்றித்தான் கவலை. தாத்தா காலமாகிவிட்டார் என்றால் முதலில் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போடுங்கள். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்குப் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் எதை விடுவது என்று வீட்டில் பேசி வையுங்கள். பேரலுக்குள் எட்டிப்பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.