காட்டோர வெள்ளிலையும் தோட்டத்து முசாண்டாவும் ஒன்றுதானா?

முற்றத்தில் வளரும் இளஞ்சிவப்பு முசாண்டாவின் இலையை, வெள்ளிலையைப் போலத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; வெட்சிக்கும் காப்பிக்கும் உறவானவை. ஆனால் அவை ஒரே செடி அல்ல.

குமரி மாவட்டத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் மேட்டில் வெள்ளிலை தானாகவே வளர்ந்து நின்றது. அம்மா அதன் இலைகளைச் செம்பருத்தி இலையோடு நீரில் கசக்கி வடிகட்டுவார். கொழகொழப்பான அந்தச் சாறு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும், சோப்பு தேவைப்படாது. மலையாளத்தில் இதைத் 'தாளி' என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் 12 தொகுதிகளாக வெளிவந்த, டச்சுக்காரர் தொகுத்த மலபார்த் தாவர நூலான ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் வெள்ளிலைச் செடியைப் 'பெலில்லா' என்று குறிப்பிடுகிறது. 'வெள்ளில' என்ற சொல் டச்சுக்காரர் காதில் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்.

பெயர்தான் வெள்ளிலையே தவிர, அந்த வெண்மை இலையுமல்ல, பூவிதழுமல்ல. உண்மையான பூ, நடுவில் இருக்கும் சிறிய ஆரஞ்சு நட்சத்திரமே. அதன் அடியிலுள்ள ஐந்து புல்லி இதழ்களில் ஒன்று மட்டும், அதுவும் கொத்திலுள்ள எல்லாப் பூக்களிலும் அல்லாமல் சிலவற்றில் மட்டும், உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளையாக விரிந்து வண்ணத்துப்பூச்சிகளைத் தொலைவிலிருந்தே அழைக்கிறது.

தோட்டத்து முசாண்டாவின் கதை பிலிப்பைன்சில் தொடங்குகிறது. அங்கே மகிலிங் மலையில் 1915இல், ஐந்து புல்லிகளும் வெளுத்து விரிந்த செடி ஒன்று கண்டெடுக்கப்பட்டு, பின்னர் 'டோனா அரோரா' என்று பெயர் பெற்றது. அதை ஆப்பிரிக்கச் சிவப்பு முசாண்டாவோடு கலந்ததில்தான் இளஞ்சிவப்பு வகைகள் பிறந்தன. இவை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பதியம் போட்டோ குச்சி நட்டோதான் பெருக்க வேண்டும். கொத்து கொத்தாக நிறம் பொங்கினாலும், அதற்குள் பூவைத் தேட வேண்டியிருப்பதால் எனக்கு அவற்றின் மீது அவ்வளவாக ஈர்ப்பில்லை.

கலப்பின முசாண்டாவின் இலையைத் தலைக்குத் தேய்க்கும் வழக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆகவே பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளிலையையே அரை நிழலில், நீர் தேங்காத மண்ணில் நடுங்கள். இலை நுனியிலிருந்து நடுநரம்பு மட்டும் குச்சிபோல் நீண்டிருந்தால், அது கமாண்டர் வண்ணத்துப்பூச்சிப் புழுவின் வேலை. மருந்து அடிக்காதீர்கள், தாளிக்கு வேண்டிய இலை அதன் பிறகும் மிஞ்சும்.