வீட்டிலேயே கல்வி: எந்தப் பாடத்திட்டம் எங்களுக்குப் பொருந்தும்?

கேள்வி: மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. வரும் ஜூனிலிருந்து இருவருக்கும் வீட்டிலேயே பாடம் நடத்தப்போகிறோம். ஓர் ஆண்டுக்கான அமெரிக்கப் பாடத்திட்டத்தை மொத்தமாக வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம்தான் நல்லது என்கிறாள் தங்கை. எங்களுடன் இருக்கும் மாமியார் ஓய்வுபெற்ற தமிழாசிரியை; தமிழ்நாட்டுப் பாடநூல்களே போதும் என்கிறார். நான் பிற்பகல் 2 மணிக்கு மேல் வீட்டிலிருந்தே கணக்கெழுதும் வேலை பார்க்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, பானஸ்வாடி, பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டவை இரண்டு: பிற்பகல் 2 மணி, தமிழாசிரியையான மாமியார். யார், எந்த நேரத்தில், எந்த மொழியில் பிள்ளையோடு உட்காரப்போகிறார் என்பதை முடிவுசெய்யாமல் வாங்கிய பாடத்திட்டங்கள் பல வீடுகளில் பிரிக்காமலே கிடக்கின்றன.

அமெரிக்கப் பாடத்திட்டங்களில் வாசிப்புக்கு நல்ல கதைகள் இருக்கும். ஆனால் உங்கள் ஆறு வயது மகன் பென்னி, நிக்கல், டைம் என்று நாணயம் எண்ணுவான், அங்குலத்தில் அளப்பான், வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் படிப்பான். முக்கில் இருக்கும் கடையில் 50 ரூபாய் கொடுத்துக் கொத்தமல்லி வாங்கி மீதியை எண்ணும் பிள்ளைக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு? தவிர, இந்த மாதிரித் திட்டங்களில் பல, நாள் முழுவதும் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார் என்று எண்ணி வகுக்கப்பட்டவை. உங்களுக்கு இருப்பது காலைப் பொழுது மட்டும்தான்.

கணிதத்துக்கு மட்டும் ஒரே பாடநூல் வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னத்தை ஒரு வரிசை முன்னதாகச் சொல்லித்தரும், இன்னொன்று பிறகு சொல்லித்தரும். நடுவில் மாற்றினால் விடுபட்டது எது என்பதே தெரியாது. மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். பிறகு தேவைப்பட்டால் பணம் செலவழிக்கலாம்.

அறிவியலுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். என் மகளுக்கு வாசித்துக் காட்டினால் போதும், மனத்தில் வாங்கிக்கொள்வாள். மகனுக்குக் கையில் ஏதாவது வேண்டும். கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் கப்பியையும் நெம்புகோலையும் இழுத்துப் பார்த்த அன்றுதான் பாடம் அவனுக்குள் போனது. உங்கள் பிள்ளைகள் இருவரும் எப்படி என்று முதல் சில வாரங்கள் கவனியுங்கள்.

தமிழை முழுக்க மாமியாரிடம் விட்டுவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. உங்கள் வீட்டிலோ ஓர் ஆசிரியையே இருக்கிறார்! தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். அல்சூர் ஏரி அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. மாமியாரும் பிள்ளைகளுமாக ஒருநாள் போய் வரட்டும்.

கேம்பிரிட்ஜா, வேறு வாரியமா என்பதற்கு 9 வயதில் அவசரமில்லை. மகளின் 12, 13 வயதில் யோசித்தால் போதும். கேம்பிரிட்ஜில் பாடத்துக்குப் பாடம் கட்டணம் உண்டு. தனித்தேர்வர்களை ஏற்கும் மையத்தையும் நீங்களே தேட வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள் போதும், தமிழையும் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். பல பிள்ளைகளுக்கு அந்த அவகாசமே பெரிய நிம்மதி. கணிதம் கட்டாயமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பொறியியல் ஆசை பின்னால் வந்தால் சிக்கல்.

பள்ளியிலிருந்து நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கேட்டு வாங்கி வையுங்கள். இருவருக்கும் கன்னட எழுத்து கட்டாயம் தெரிந்திருக்கட்டும். கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழிப் பாடம். நாளை மகளே பள்ளிக்குப் போகிறேன் என்று சொன்னால் அது அவளுக்குத் தடையாக இருக்கக் கூடாது.